இவருக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று

3 ஜனவரி 2024, புதன்

மில்லில் இருந்தவரை ஷிஃப்ட் முடிந்ததும் லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். எந்த மெஷின் நின்றது, என்ன செய்தேன், என்ன மீதி. எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் முப்பது வருடப் பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலம் ஆனால் கை பேனாவைத் தேடுகிறது. தாரணி ஓசூரிலிருந்து கொண்டுவந்த டைரி சும்மா கிடக்கிறது. மகள் கொடுத்ததைப் பழைய பேப்பர்காரருக்குப் போடவா முடியும்? இன்றிலிருந்து இந்த வீட்டுக்கு லாக்.

நின்ற மெஷின்: மிக்ஸி. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது, மாற்றியாயிற்று. மீதி: இவர்.

5 ஜனவரி, வெள்ளி

இவர் காய் வாங்க சிங்காநல்லூர் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆறுச்சாமி வந்தார். சாரல் மெல்லிசைக் குழுவின் தலைவர். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் அந்தக் குழுவுக்கு முதல் கச்சேரியிலிருந்து கீபோர்டு. ஆறுச்சாமி காபியைக் குடிக்காமல் ஆறவைத்துக்கொண்டே இருந்தார். நல்ல செய்தி கொண்டுவந்தவர் காபியை ஆறவிடமாட்டார்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் அந்த ஃபில்டர் திருகை முழுசாத் தொறந்து வெச்சர்றாருங்க. சத்தம் ஊசியாட்டக் குத்துது. போன மாசம் திருப்பூரு ரிசப்சன்ல பொண்ணோட அப்பாவே மேடைக்கு ஏறி வந்துட்டாருங்க."

"அவர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னனுங்க. 'எனக்கு ஒண்ணும் குத்தலியே'ங்கறாரு."

பிப்ரவரி பதினொன்றாம் தேதி குழுவின் நாற்பதாவது ஆண்டுக் கச்சேரி. அதற்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆளை வாசிக்க வைத்துவிட்டு, இவரை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்திவிடலாம் என்று மற்றவர்கள் பேசிக்கொள்கிறார்களாம். பொன்னாடையாம். வாசிக்கிறவனுக்குப் பொன்னாடை போர்த்தி ஓரமாக உட்காரவைப்பதும், ஓடுகிற மெஷினுக்குப் பூமாலை போட்டு ஃபியூஸைப் பிடுங்குவதும் ஒன்றுதான். ஆறுச்சாமியிடம் அப்படியே சொன்னேன். பாவம், அப்போதுதான் காபியைக் குடித்தார்.

விஷயம் எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். இவருக்குக் காது மங்கிவிட்டது. முப்பத்தொன்பது வருடம் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றால் வேறு என்ன ஆகும்? கீச்சென்ற மேல் சத்தம் கேட்பதில்லை. கேட்காததால் திருகைத் திறந்துகொண்டே போகிறார். சொன்னால் அன்றோடு மூடி வைத்துவிடுவார். அந்த மனிதருக்கு ரோஷம் மட்டும் மங்கவில்லை.

6 ஜனவரி, சனி

பருப்பு அடிபிடித்துவிட்டது. குக்கர் விசிலை எண்ணுவது இவர் வேலை என்று ஏற்பாடு. கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார், எண்ணவில்லை. அடுத்த வீட்டு பிரேமா டீச்சர் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பன்னெண்டு விசில் ஆச்சுங்க கனகமணி, என்ன யானைக்குச் சமையலா?" என்றார். இவர் காதைப் பற்றி இதைவிடச் சான்று வேண்டுமா? நான் சமையலறையில்தான் இருந்தேன், ஆனால் வெங்காயம் உரிக்கும் கவனத்தில் இருந்தேன்.

10 ஜனவரி, புதன்

வழி கண்டுபிடித்துவிட்டேன்.

இவருடைய கீபோர்டு ஒரு சிந்தசைசர், ஜப்பானில் செய்தது, சிங்கப்பூர் போய்வந்த ஒருவர் மூலம் 1985-ல் வந்தது. நான் வந்தது 1986-ல். அதனால் அதற்கு இந்த வீட்டில் மூத்தாள் என்று பெயர். அதற்குள் ஏற்கெனவே ஒரு ஃபில்டர் இருக்கிறது. ஃபில்டர் என்றால் சல்லடைதான். கனத்த சத்தத்தைக் கீழே விட்டு, கூர்மையான சத்தத்தை மேலேயே நிறுத்தும். எவ்வளவு நிறுத்துவது என்பதைத் திருகு தீர்மானிக்கிறது, திருகு இவர் கையில். நான் அதற்குப் பின்னால் இன்னொரு ஃபில்டரை உள்ளேயே வைத்துவிட்டால், இவர் எவ்வளவுதான் திறந்தாலும் கூர்மை மண்டபத்துக்குப் போகாது.

ஆனால் சத்தம் மாறினால் இவர் கண்டுபிடித்துவிடுவார். மங்கினாலும் பாட்டுக்காரர் காது. ஆகவே இரண்டு வழி வேண்டும். இவர் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் குட்டி ஸ்பீக்கருக்குப் புது ஃபில்டர் இல்லாத பழைய சத்தம். மண்டபத்துக்கு வடிகட்டிய சத்தம். மூத்தாளின் முதுகில் அந்தக் காலத்துக் கேசட் ரெக்கார்டருக்கென்று வைத்த ஒரு சாக்கெட் வேலையில்லாமல் இருக்கிறது. குட்டி ஸ்பீக்கரை அங்கே மாட்டிவிடலாம்.

இவருக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. இது ஏமாற்று வேலைதான். மூளை ஒத்துக்கொண்டுவிட்டது, மனசு கொஞ்சம் முனகுகிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

11 ஜனவரி, வியாழன்

"மூத்தாளுக்கு உள்ள கண்டென்சர் எல்லாம் வயசாயிருச்சுங்க. பெரிய கச்சேரிக்கு முன்னாடி மாத்திர்றேன்," என்றேன்.

ஐந்து நிமிடம் யோசித்தார். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்குக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை.

"பாரு. ஆனா அம்முணி, ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டப்படாது. எங்கியாச்சும் ஓட்டை கீட்டை போட்டீன்னா அப்பறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்."

"இப்ப மட்டும்?"

சிரித்துவிட்டார். திருகாணிகளைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாக வாங்கி ஒரு கிண்ணத்தில் போட்டார். உள்ளே முப்பத்தொன்பது வருடத் தூசி. ஒரு கல்யாண மண்டபத்து அட்சதைகூட இரண்டு கிடந்தது. எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

14 ஜனவரி, ஞாயிறு

பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசல் நிலையில், மோட்டார் அறையில், வண்டியில் எல்லாம் செருகினார். மீதமிருந்த ஒரு கொத்தை, வயிற்றைத் திறந்தபடி மேசையில் கிடக்கிற மூத்தாளின் கைப்பிடியிலும் கட்டினார். உள்ளே தூசி துடைக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டு, பூ உள்ளே உதிர்ந்தால் ஷார்ட் ஆகும் என்று கத்தினேன்.

18 ஜனவரி, வியாழன்

காந்திபுரம் போய்ச் சாமான் வாங்கிவந்தேன். தீப்பெட்டி அளவு போர்டு. இரண்டு ஐசி, கொஞ்சம் ரெசிஸ்டர், கொஞ்சம் கண்டென்சர். சால்டரிங் வாசனை வந்ததும் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டதில் பதினைந்து கூடிவிட்டது.

மாட்டிப் பார்த்தேன். கூர்மை போய்விட்டது, கூடவே உயிரும் போய்விட்டது. மூத்தாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது. இப்படி வாசித்தால் ஆறுச்சாமியே பொன்னாடையை இரண்டாக மடித்துக்கொண்டு வருவார்.

ஃபில்டர் சத்தத்தை வெட்டுகிற இடத்தைக் கொஞ்சம் மேலே, ஏழாயிரம் ஹெர்ட்ஸுக்குக் கிட்டே தள்ளினேன். அப்புறம், வெளியே போகிற சத்தத்தில் ஒரு துளியை எடுத்து மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும். அப்போது வெட்டுகிற இடத்தில் மட்டும் ஒரு மினுக்கு வரும். குழம்பில் கடைசியில் தாளிக்கிற மாதிரி. ஒன்றே ஒன்று கவனம்: அளவு கூடினால், கீபோர்டுக் கட்டையைத் தொடாமலே சர்க்யூட் தானாக விசிலடிக்க ஆரம்பித்துவிடும். இது டிப்ளமோ முதல் வருடப் பாடம்.

21 ஜனவரி, ஞாயிறு

இன்று அந்தத் துளியின் அளவை வைத்தேன். மில்லில் புதிதாகச் சேர்கிறவர்களிடமெல்லாம் "காதை நம்பாதே, மீட்டரை நம்பு" என்று சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கினவள் நான். ஆனால் இது நூல் இல்லை, சங்கீதம். சங்கீதத்துக்கு மீட்டர் என்ன கண்டது? கண்ணை மூடிக்கொண்டு, காதாலேயே வைத்தேன். குட்டித் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். மினுக்கு போதவில்லை, இன்னும் கொஞ்சம். போதவில்லை, இன்னும் கொஞ்சம். அப்பாடா, உயிர் வந்தது. திருகு அசையாமலிருக்கத் தாரணி விட்டுப்போன நகப்பூச்சில் ஒரு சொட்டு வைத்து முத்திரையிட்டேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை, நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் இரைச்சலில் முப்பது வருடம் நின்றும் எனக்குக் காது கெடவில்லை. காதில் வைக்க மில்லில் பஞ்சு கொடுப்பார்கள். பஞ்சு மில்லில் பஞ்சுக்கா பஞ்சம்? யாரும் வைத்ததில்லை, நானும் வைத்ததில்லை.

ஒரு சின்னக் குறை. மில் ஏலத்தில் எடுத்த, மின் அலையைத் திரையில் காட்டும் என் ஆஸிலோஸ்கோப்பில், கட்டையை அழுத்தாதபோதும் ஒரு பட்டையாக அலை தெரிகிறது. டியூப் லைட்டை அணைத்தேன், போகவில்லை. பிரேமா டீச்சர் வீட்டு இன்வெர்ட்டராகத்தான் இருக்கும். ஸ்கோப்பும் கிழடாகிவிட்டது.

23 ஜனவரி, செவ்வாய்

பிரேமா டீச்சர் வந்தார். "உங்க வீட்டு இன்வெர்ட்டர்ல ஏதோ கோளாறுங்க. நேத்தெல்லாம் கிய்யுனு ஒரே சத்தம். எனக்குத் தலவலியே வந்துருச்சு."

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டரே இல்லை என்றேன். அவர் வீட்டு இன்வெர்ட்டரால் என் ஸ்கோப் கெடுகிறது என்பதையும் சொன்னேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். நாற்பது வருடம் கடைசி பெஞ்சுப் பேச்சையெல்லாம் ஒட்டுக் கேட்ட காது. இல்லாததும் கேட்கும்.

25 ஜனவரி, வியாழன்

தைப்பூசம். இவர் குழுவினரோடு மருதமலை போனார். தாரணி பேசினாள்.

"அம்மா, ஏம்மா இப்படிக் கத்தற? நான் ஃபோனைத் தள்ளி வெச்சுட்டுத்தான் உன்கிட்டப் பேசறேன்."

"உங்கப்பாகிட்டப் பேசிப் பேசி இப்படி ஆயிருச்சு கண்ணு."

அது உண்மைதான். இவரோடு இருக்கிறவர்கள் யாரும் மெதுவாகப் பேசிப் பிழைக்க முடியாது.

மூத்தாளை மூடிவிட்டேன். இவர் திரும்பி வந்ததும் வாசித்துப் பார்த்தார். குட்டி ஸ்பீக்கரில் பழைய சத்தம் அப்படியே வந்தது. "கண்டென்சர் மாத்துனதுல தெளிவு கூடிருச்சு அம்முணி," என்றார். ஒரு கண்டென்சரைக்கூட நான் மாற்றவில்லை. தலையாட்டினேன்.

28 ஜனவரி, ஞாயிறு

இதை எழுதத்தான் வேண்டும். லாக் என்றால் லாக்.

இங்கே உள்ளூர் ராமநாதபுரத்தில் ஆறுச்சாமி வீட்டு மாடி அறையில் காலை ஒத்திகை. நானும் போனேன். என் வேலை மண்டபத்தில் வைக்கிற பெரிய ஸ்பீக்கரில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வேண்டாமா? நானே ஒயர்களை மாட்டினேன். மூத்தாளின் வழக்கமான சாக்கெட்டிலிருந்து சவுண்ட் மிக்ஸருக்கு ஒன்று. கேசட் சாக்கெட்டிலிருந்து இவருடைய குட்டி ஸ்பீக்கருக்கு ஒன்று. இவர் ஆன் செய்தார். ஆறுச்சாமி மிக்ஸரில் சத்தத்தை ஏற்றினார்.

மிருதுளா, குழுவில் பாடுகிற பெண், மைக்கைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தபலாக்காரர் முழங்காலுக்குள் தலையைப் புதைத்தார். டிரம்ஸ்காரர் எழுந்து வெளியே ஓடினார். ஆறுச்சாமி ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் மிக்ஸரைத் துழாவினார். எல்லோர் வாயும் எதையோ கத்துகிறது. இவர் கைகள் இரண்டும் மடியில்தான் இருந்தன, ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை.

அந்த அறையில் காதைப் பொத்தாமல் இரண்டே பேர் இருந்தோம். இவர் உட்கார்ந்தபடி, நான் கதவோரம் நின்றபடி. இவர் எல்லோரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார். என் கைகள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

ஆறுச்சாமி ஒருவழியாக இறக்கினார். மிருதுளா தன் ஃபோனில் சுருதி பார்க்கிற ஆப்பைத் திறந்து என்னிடம் காட்டினாள்.

"ஆறாயிரத்து எண்ணூறுன்னு காட்டுச்சு ஆண்ட்டி. உங்களுக்கு நெஜமாவே கேக்கலியா?"

ஆறாயிரத்து எண்ணூறு. நான் கணக்குப் போட்டு வெட்டின அதே இடம். நகப்பூச்சு வைத்து முத்திரையிட்ட என் திருகுதான் விசிலடித்திருக்கிறது. ஒரு வாரமாக என் வீட்டில், என் மூக்குக்குக் கீழே அடித்திருக்கிறது. ஸ்கோப் சொன்னது, நம்பவில்லை. பிரேமா டீச்சர் சொன்னார், சண்டைக்குப் போனேன்.

இவர் எழுந்து மூத்தாளின் முதுகுப் பக்கம் போனார். இரண்டு ஒயர்களையும் விரலால் தொட்டுத் தொட்டு, எது எங்கே போகிறது என்று பார்த்தார். குட்டி ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினார். மிக்ஸர் ஒயரையும் பிடுங்கிவிட்டு அந்தச் சாக்கெட்டில் அதை மாட்டினார். ஒரு கட்டையை அழுத்தினார். மாற்றி மாட்டி மறுபடி அழுத்தினார். இரண்டும் ஒன்றில்லை என்று தெரிகிற அளவுக்குக் காது இருக்கிறதே அவருக்கு.

ஆட்டோவில் மூத்தாளை மடியில் பிடித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"எனக்கு ஒரு சத்தம், ஊருக்கு ஒரு சத்தமா? சரி. முப்பத்தெட்டு வருசமா ஒவ்வொரு கச்சேரி முடிஞ்சும் நீ 'நல்லாருந்துது'ன்னு சொன்னியே. அது எந்த ஓட்டைல இருந்து வந்துது அம்முணி? எனக்கு வெச்சிருந்ததுல இருந்தா?"



29 ஜனவரி, திங்கள்

மிக்ஸி ஓடுகிறது. வேறு எதுவும் ஓடவில்லை.

30 ஜனவரி, செவ்வாய்

ஆறுச்சாமிக்கு ஃபோன் செய்து, "வேற ஆளப் பாத்துக்கோ சாமி. பொன்னாடையும் வேண்டாம், அன்னைக்கு நான் ஊர்லயே இருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

மூத்தாளுக்குத் துணி போட்டு மூடியாயிற்று. காலையில் காபி போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார், "சூடா இருக்குது" என்கிறார். அவ்வளவுதான் பேச்சு. நான் இவருக்கு எதைக் காப்பாற்றக் கிளம்பினேனோ அதை என் கையாலேயே பிடுங்கிவிட்டேன். அழுதேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

2 பிப்ரவரி, வெள்ளி

காது ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் போனேன். இவரைக் கூப்பிடவில்லை. பழுதான மெஷினைப் பார்க்கிறவள் முதலில் தன் மீட்டர் சரியா என்று பார்க்க வேண்டும்.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் டக் டக்கென்று அழுத்தினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதா என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் திருகைத் திருகிக்கொண்டே இருக்கிறாள், என்னையே பார்த்துக்கொண்டு. அவள் முகத்தில் வந்த இரக்கத்தைப் பார்த்ததும்தான் புரிந்தது, சத்தம் வந்துகொண்டிருக்கிறது என்று.

தாளைக் கையில் கொடுத்தாள். கோடு ஓரளவு சமமாகப் போய், மூவாயிரத்துக்குப் பிறகு படியில் தடுக்கி விழுந்த மாதிரி இறங்குகிறது. இந்தக் கோட்டை எனக்குத் தெரியும். போன மாதம் முழுக்க இதைத்தானே வரைந்துகொண்டிருந்தேன். மூத்தாளுக்கு நான் போட நினைத்த ஃபில்டர் எனக்குள் எப்போதோ போட்டாயிற்று.

"எத்தன வருசமா மேடம் இப்படி இருக்குது?" என்று அந்தப் பெண் கேட்டாள். இவருக்கு ஒரு வருடமாக என்று வாய் வரை வந்துவிட்டது. என் விஷயம் எனக்குத் தெரியவில்லை என்றேன்.

3 பிப்ரவரி, சனி

தாளை மூத்தாள்மேல் போட்டிருந்த துணியின்மீது வைத்துவிட்டு வந்தேன். மதியம் பார்த்தால் அங்கே இல்லை. இவர் ஜன்னலோரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இது உன்னுதா?"

"ஆமாங்க."

"நெம்ப எறங்கிருக்குதே."

"மில்லுங்க. இத்தன நாளா உங்களத்தான் செவிடுன்னு நெனச்சுட்டு இருந்தேன். உங்ககிட்டச் சொல்லாம செஞ்சது தப்புங்க. மன்னிச்சுக்கங்க."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு இரண்டும் அவரே எடுத்துவைத்தார்.

5 பிப்ரவரி, திங்கள்

"வா, என்னையும் அந்தக் கூண்டுக்குள்ள அடை," என்றார் காலையில். போனோம்.

திரும்பி வந்ததும் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு போகின்றன. விழுகிற இடம்கூட ஒன்றுதான். எனக்கு ஒரு படி அதிகம்.

"ஜாதகம் பாத்தப்பகூட இத்தன பொருத்தம் வரலியே அம்முணி," என்றார். நான் சிரிக்க ஆரம்பித்தேன், அப்புறம் அவரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பிரேமா டீச்சர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒரு கிண்ணம் கச்சாயப் பலகாரம் கொடுத்துவிட்டு வந்தேன்.

காது மெஷின் இரண்டு பேருக்கும் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அளவெடுத்துச் செய்து வர மாதக் கடைசி ஆகுமாம். கச்சேரிக்குள் வராது.

சாயங்காலம் மூத்தாள்மேலிருந்த துணியை எடுத்தார்.

"நீ போட்ட ஃபில்டரு நல்ல சாமானா?"

"சாமான் நல்லதுங்க. வெச்ச அளவுதான் தப்பு."

"அப்ப அது இருக்கட்டும். அந்த ரெண்டாவது வழி வேண்டாம், எடுத்துரு. எல்லாத்துக்கும் ஒரே சத்தம். ஃபில்டரோட திருகை வெளிய கொண்டா."

"வெளிய கொண்டாரணும்னா ஓட்டை போடணுமுங்க."

கொஞ்ச நேரம் அதன் முகப்பைத் தடவிக்கொண்டிருந்தார். "போடு," என்றார். "ஆனா அந்தத் திருகை நானும் தொடப்படாது, நீயும் தொடப்படாது."

7 பிப்ரவரி, புதன்

துளை போட்டேன். டிரில் உள்ளே இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டார், தடுப்பூசிக்கு வந்த குழந்தையாட்டம். உள்ளே அந்தத் துளியின் அளவை விசில் வராதபடி குறைத்து, இந்தத் தடவை ஸ்கோப்பைப் பார்த்து வைத்தேன். கட்டையை அழுத்தாதபோது கோடு அலையில்லாமல் நேராக இருந்தது. பிரேமா டீச்சரையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்க, சுத்தமா இருக்குது," என்றார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு சொன்னார்.

மத்தியானம் இவரே ஆறுச்சாமி வீட்டுக்குப் போனார். வேறு ஆள் கிடைத்துவிட்டாரா என்று கேட்கவே தயக்கமாக இருந்ததாம். ஆறுச்சாமி யாரையும் தேடவே இல்லையாம். அப்புறம் மிருதுளாவைக் கூப்பிட்டு, "பாப்பா, எனக்கு மேல் சத்தம் கேக்கறதில்ல. நீ பாடாதப்ப என் பக்கத்துல நின்னு இந்தத் திருகை மட்டும் பாத்துக்கறயா? குத்துச்சுன்னா மூடு, மங்குச்சுன்னா தொற. என்னையக் கேக்காத," என்றிருக்கிறார். எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். என்னிடம் இதைச் சொல்லும்போது குரல் ஒரு இடத்தில் மட்டும் இடறியது. மூத்தாளை நான் தூசி தட்டவே பத்து வருடம் விடாத மனிதர்.

எனக்கு இவரை அப்போது கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டேன். கை முழுக்கப் பிசுக்கு, சட்டையைத் துவைக்கப் போட வேண்டியதாயிற்று.

11 பிப்ரவரி, ஞாயிறு

சட்டை தேய்த்தாயிற்று. ஒயர், ஸ்பேர் ஃபியூஸ், சால்டரிங் அயர்ன் பையில். மூன்று மணிக்கு வேன்.

12 பிப்ரவரி, திங்கள்

நேற்று மண்டபம் நிறைந்திருந்தது. நாற்காலி போதாமல் பின்னால் நின்றார்கள். நான் மூன்றாவது வரிசையில். முதல் பாட்டு முழுக்க மேடையைப் பார்க்கவில்லை, சனத்தின் கைகளைத்தான் பார்த்தேன். மடியில் இருந்தன, தாளம் போட்டன, முறுக்கு தின்றன. ஒரு குழந்தை மட்டும் காதைத் தொட்டது, கம்மலைச் சரி செய்ய. அதற்கே நான் பாதி எழுந்துவிட்டேன்.

மிருதுளா பாடாதபோதெல்லாம் இவர் பக்கத்தில் போய் நின்றாள். அவள் கை அந்தத் திருகில். இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, பாட்டோடு பாட்டாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் சனம் விசிலடித்துக் கைதட்டியது, இவர் நிமிர்ந்து சிரித்தார். இருபத்திரண்டு வயதில் பெண் பார்க்க வந்தபோது சிரித்த அதே கோணல் சிரிப்பு. கடைசியில் குழுவில் எல்லோருக்கும் பொன்னாடை போட்டார்கள். இவர் தோளில் அது நிற்காமல் நழுவ நழுவ வாசித்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை இட்லி சாப்பிடும்போது கேட்டார். "நேத்து எப்படி இருந்துது?"

முப்பத்தெட்டு வருடமாக இந்தக் கேள்விக்கு, பாத்திரம் தேய்த்துக்கொண்டே "நல்லாருந்துது" என்று சொல்லியிருக்கிறேன். இன்று அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தேன்.

"மேல இருந்ததெல்லாம் எனக்குக் கேக்கலைங்க. டிரம்ஸ்காரர் தட்டுல தட்டறது கண்ணுக்குத்தான் தெரிஞ்சுது. ஜால்ரா கேக்கல. கீழ நீங்க வாசிச்சது கேட்டுது. அது நல்லாருந்துது."

சட்னியில் விரலால் ஒரு கோடு போட்டார்.

"எனக்கும் அவ்வளவுதான் அம்முணி கேட்டுது," என்றார். "அத்தன சனத்துல, நீயும் நானும்தான் ஒரே கச்சேரியக் கேட்டிருக்கறோம்."